மூடிய கிடங்கிலிருந்து சரக்கு போன கதை

60 இடங்களில் எங்கெங்கே கிடங்கு திறந்தால் 900 வாடிக்கையாளர்களுக்கு மொத்தச் செலவு குறையும் என்பதுதான் கணக்கு. இத்தகைய கணக்குகளைத் தீர்க்கும் மென்பொருளான சால்வர் விடை தந்தது. ஆனால் அதில் மூடியிருப்பதாகச் சொன்ன ஒரு கிடங்கிலிருந்து 80 டன் சரக்கு போய்க்கொண்டிருந்தது!

முதலில் தரவைச் சந்தேகித்தேன். தூரப் பட்டியலை இரண்டு முறை சரிபார்த்தேன், பிழை இல்லை. சால்வரின் புதிய பதிப்பை நிறுவினேன், அதே விடை. மூன்று நாள் போச்சு.

அப்புறம்தான் கிடங்கு திறந்தால் 1, மூடினால் 0 என்று இருக்க வேண்டிய திறப்பு மாறியை முழு இலக்கங்களோடு அச்சிட்டுப் பார்த்தேன். 0.00 என்று தெரிந்தது உண்மையில் 0.000008. முழு எண்ணிலிருந்து 0.00001 வரை விலகினாலும் சால்வர் அதை முழு எண்ணாகவே ஏற்கும். நானோ 'கிடங்கின் மொத்த அனுப்பீடு ≤ M × திறப்பு' என்று எழுதி, M என்ற பெரிய எண்ணுக்கு யோசிக்காமல் 1,00,00,000 கொடுத்திருந்தேன். பெருக்கினால் சரியாக 80. திறக்கும் செலவே இல்லாமல் ஒரு கிடங்கு!

சால்வர் ஏற்கும் அந்த விலகலின் எல்லையை இறுக்கினேன். கள்ளக் கிடங்கு போனது, ஆனால் ஓட்டம் இரவு முழுக்க முடியவில்லை.

கடைசியில் M-ஐயே தூக்கிவிட்டேன். ஒவ்வொரு கிடங்கு-வாடிக்கையாளர் ஜோடிக்கும் 'வாடிக்கையாளரின் தேவையில் அந்தக் கிடங்கு தரும் பங்கு ≤ திறப்பு' என்று தனித்தனியாக எழுதினேன். 60 கட்டுப்பாடுகள் 54,000 ஆயின. மெதுவாகும் என்று பயந்தேன், நடந்ததோ நேர்மாறு. முழு எண் நிபந்தனையைத் தளர்த்தி, பின்னத்தையும் அனுமதிக்கும் நேரியல் கணக்கிலேயே பெரும்பாலான திறப்புகள் 0 அல்லது 1 ஆக வந்தன. 0-வா 1-ஆ என்று கிளை பிரித்துத் தேட அதிகம் மிச்சமில்லை, நான்கு நிமிடத்தில் முடிந்தது.