எலும்புப்புரையை முன்கூட்டியே கண்டறிவதில் சறுக்கும் இடங்கள்

குழப்பம் பெயரிலேயே தொடங்கிவிடுகிறது. மூட்டுத் தேய்மானத்தையும், எலும்பின் அடர்த்தி குறைந்து எளிதில் முறியும் நிலையான எலும்புப்புரையையும் பேச்சில் ‘எலும்புத் தேய்மானம்’ என்றே சொல்லிவிடுகிறோம். முன்னது வலிக்கும்; பின்னது எலும்பு முறியும்வரை பெரும்பாலும் வலிக்காது. அதனால் முழங்கால் வலிக்கு வைத்தியம் பார்ப்பவர் இதையும் சேர்த்துப் பார்த்தாயிற்று என்று நினைக்கிறார். வலியே இல்லாதவரோ சோதனைப் பக்கமே போவதில்லை.

போனாலும் தவறான சோதனையை நம்பிவிடுவது உண்டு. எலும்பு இளைத்திருப்பது சாதாரண எக்ஸ்ரேயில் தெரிவதற்குள் அதன் தாது சுமார் 30 சதவீதம் போயிருக்கும். ரத்தத்தில் கால்சியம் சரியாக இருப்பதும் ஆறுதல் அல்ல. அந்த அளவு இறங்காமலிருக்க உடல் எலும்பிலிருந்தே எடுத்து நிரப்பிக்கொள்ளும். குதிகால் அல்ட்ராசவுண்டை, யாருக்கு மேற்கொண்டு சோதனை தேவை என்று சலிக்க மட்டும் வைத்துக்கொள்ளலாம். உறுதிசெய்ய இடுப்பும் கீழ்முதுகும் சேர்த்து எடுக்கும், எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் வேண்டும். பொதுவாகப் பெண்களுக்கு 65, ஆண்களுக்கு 70 வயதில் எடுப்பார்கள். மாதவிடாய் சீக்கிரமே நின்றவர்கள், 3 மாதத்துக்கு மேல் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டவர்கள், பெற்றோருக்கு இடுப்பு முறிந்தவர்கள் அதுவரை காத்திருக்கக் கூடாது. நின்ற நிலையில் தடுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்த ஐம்பது வயதுக்காரருக்கு மாவுக்கட்டு மட்டும் போட்டு அனுப்புவதுதான் இருப்பதிலேயே பெரிய கோட்டை விடுதல்.

ரிப்போர்ட்டை வாசிப்பதில்தான் நுணுக்கம் அதிகம். டி-ஸ்கோர் என்பது இளவயதினரின் சராசரியோடு ஒப்பிட்ட எண், மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே என்றால் எலும்புப்புரை. எழுபது வயதுக்காரருக்கு முதுகில் மைனஸ் 0.8, தொடை எலும்பின் கழுத்தில் மைனஸ் 2.7 என்று வந்தால் சராசரி போடக் கூடாது. குறைந்த எண்ணே கணக்கு. வயதானவர்களின் முதுகெலும்பில் வளர்ந்த எலும்பு முட்களும், முன்னால் ஓடும் பெருந்தமனியில் படிந்த சுண்ணாம்பும், நசுங்கிய எலும்பும் அடர்த்தியைப் பொய்யாக ஏற்றிக் காட்டும். எல்1 முதல் எல்4 வரை உள்ள நான்கு கீழ்முதுகு எலும்புகளில் ஒன்றின் டி-ஸ்கோர் பக்கத்து எலும்பைவிட 1 புள்ளிக்கு மேல் விலகி நின்றால் அதை நீக்கிவிட்டுக் கணக்கிடலாம், மிச்சம் இரண்டாவது இருந்தால். இல்லையென்றால் முன்கையை ஸ்கேன் எடுக்க வேண்டும்.

படத்தையும் ஒரு பார்வை பாருங்கள். இடுப்புப் படத்தில் தொடை எலும்பின் உட்புறச் சிறு முடிச்சு பெரிதாகத் துருத்தி நின்றால், காலை 15 முதல் 25 டிகிரி உள்நோக்கித் திருப்பி வைக்கவில்லை என்று அர்த்தம். அப்போது தொடை எலும்பின் கழுத்துப் பகுதி குறுகித் தெரிந்து அடர்த்தி கூடுதலாகக் காட்டும்.

மாதவிடாய் நிற்காத பெண்களுக்கும் 50 வயதுக்குட்பட்ட ஆண்களுக்கும் டி-ஸ்கோர் பொருந்தாது. அவர்களுக்குச் சம வயதினரோடு ஒப்பிடும் இசட்-ஸ்கோர். அடுத்த ஸ்கேனையும் அதே இயந்திரத்திலேயே எடுங்கள். வேறு இயந்திரத்தின் எண்ணோடு நேரடியாக ஒப்பிட முடியாது.

உயரத்தை அளக்க யாருக்கும் தோன்றுவதில்லை. இளவயது உயரத்திலிருந்து 4 சென்டிமீட்டர் குறைந்திருந்தால் முதுகெலும்பைப் பக்கவாட்டில் படமெடுக்க வேண்டும்; அங்கே பல முறிவுகள் சத்தமில்லாமல் நடந்து முடிந்திருக்கும். அடிபடாமலே அப்படி ஒன்று நசுங்கியிருந்து, புற்று போன்ற வேறு காரணமும் இல்லையென்றால், டி-ஸ்கோர் மைனஸ் 1.8 என்றிருந்தாலும் அது எலும்புப்புரைதான்.