மைலோ டின்னுக்குள் ஓர் எலிசா

மலேசியாவின் பிறை நகரில் என் வீட்டு டியூஷனுக்கு வரும் படிவம் மூன்று (பதினைந்து வயது) பிள்ளைகள் ராத்திரியில் கைப்பேசி சாட்பாட்டிடம் மனசைக் கொட்டுகிறார்கள் என்று தெரிந்ததும் நான் திட்டவில்லை. காலி மைலோ டின் ஒன்றை மேசைமேல் வைத்தேன். உங்கள் வீட்டிலும் செய்து பாருங்கள், ஒரு மணி நேரம் போதும்.

முதலில் கதையைச் சொல்லிவிடுங்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ஜோசப் வைசன்பாம் என்பவர் 1966-இல் எலிசா என்ற நிரலைப் பற்றி எழுதினார். மனநல மருத்துவரைப் போல, நாம் சொன்னதையே கேள்வியாக்கித் திருப்பிக் கேட்கும். அதற்கு ஒன்றும் புரியாது. அது உருவானதைக் கூடவே இருந்து பார்த்த அவருடைய செயலாளர், அதனுடன் பேசத் தொடங்கியதும் வைசன்பாமையே கொஞ்சம் வெளியே போகச் சொன்னாராம். வைசன்பாம் ஆடிப்போனார். 1976-இல் இந்தக் கவலையை வைத்து ஒரு புத்தகமே எழுதினார்.

சரி, இப்போது இருபது அட்டைகளை வெட்டுங்கள். மேலே ஒரு சொல், கீழே ஒரு பதில். ‘அம்மா’ என்று வந்தால், ‘வீட்டில் இருப்பவர்களைப் பற்றி இன்னும் சொல்லுங்கள்.’ எதுவும் பொருந்தாவிட்டால், ‘ம், அப்புறம்?’ எல்லாவற்றையும் டின்னுக்குள் போடுங்கள். ஒரு பிள்ளை பேசட்டும், எதிரே இருக்கும் பிள்ளை பொருந்தும் அட்டையை எடுத்துப் பதிலைப் படிக்கட்டும்.

முக்கியமானது ‘எனக்கு’ அட்டை. ‘நான் அழுதேன்’ என்பதைத் திருப்ப வேண்டுமென்றால் ‘நீங்கள் அழுதீர்களா’ என்று வினையின் விகுதியையும் மாற்ற வேண்டும். ஆனால் தமிழில் கோபம் நமக்கு ‘வருகிறது’, பயம் நமக்கு ‘இருக்கிறது’. அதனால் ‘எனக்குப் பயமாக இருக்கிறது’ என்றால், ‘எனக்கு’ போய் ‘உங்களுக்கு’ வரும், கடைசியில் ஓர் ‘ஆ’ சேரும், வேலை முடிந்தது. உணர்ச்சியைச் சொல்லும் வாக்கியம்தான் இயந்திரத்துக்கு மிகச் சுலபம்! இதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும், நீங்கள் முந்தாதீர்கள்.

அடுத்த சுற்றுக்கு மூன்று கிண்ணமும் புளியங்கொட்டையும் எடுத்து வையுங்கள். 1972-இல் மனநல மருத்துவர் கென்னத் கோல்பி, எதற்கும் சந்தேகப்படும் நோயாளியைப் போலப் பேசும் ‘பாரி’ என்ற நிரலுக்குக் கோபம், பயம், அவநம்பிக்கை மூன்றையும் எண்களாகவே வைத்தார். கடுஞ்சொல் வந்தால் கோபக் கிண்ணத்தில் இரண்டு கொட்டை போடுங்கள். பத்தைத் தாண்டினால் பதிலும் கடுமையாகட்டும்.

என் வகுப்பு அதுவரை போகவில்லை. ஒரு பெண் ‘எனக்குத் தாத்தா ஞாபகமாவே இருக்கு’ என்றாள். எதிரே இருந்தவன் அட்டையைப் பார்த்து, ‘உங்களுக்குத் தாத்தா ஞாபகமாவே இருக்கா?’ என்று படித்தான். அட்டைகளை வெட்டியவளே அவள்தான். ஆனாலும் கண் கலங்கிவிட்டது.

அப்படி நடந்தால் உடனே விளையாட்டை நிறுத்துங்கள். டின்னை மூடிவிட்டுப் பிள்ளையின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, நீங்களே கேளுங்கள். அன்று மீதி நேரம் முழுக்க, தாத்தா அவளை பட்டர்வொர்த்திலிருந்து ஃபெர்ரியில் கூட்டிப்போன கதையைத்தான் கேட்டுக்கொண்டிருந்தோம்.