மாமாவின் சுருட்டும் நீலச் சுவாலையும்: ஊருக்குப் போகிறவர்களுக்கு

ரொறன்ரோவில் இருந்து யாழ்ப்பாணம் போகிறவரின் சூட்கேஸில் என்ன இருக்கும் என்று திறக்காமலே சொல்லலாம். சொக்லேற், சவர்க்காரம், யாரோ கொடுத்துவிட்ட மருந்து, யாருக்கோ கொடுக்கச் சொன்ன சப்பாத்து. ஊரில் சுருட்டுப் பிடிக்கும் மாமா ஒருவர் இருந்தால் அவருக்கென்று நாலைந்து கியூபாச் சிகார்களும், பற்றவைக்க ஒரு நல்ல லைற்றரும் சேரும். நானும் அப்படித்தான் அடுக்கினேன். சிகார் போய்ச் சேர்ந்தது. லைற்றர் இடையில் விமானம் மாறிய இடத்தில் ஒரு பிளாஸ்ரிக் வாளிக்குள் போனது.

அது மூன்று துளையால் நீல நெருப்புச் சீறும் ரோச் லைற்றர். வாங்கிய விலையை மனைவிக்கு இன்னும் சொல்லவில்லை. பிழை என்னுடையதுதான். விமானப் பயணத்தில் ரோச் லைற்றருக்கு இடமே இல்லை: கைப்பையிலும் இல்லை, பெட்டியிலும் இல்லை, சட்டைப் பையிலும் இல்லை. சாதாரண மஞ்சள் நெருப்பு லைற்றர் என்றால் பெரும்பாலான நாடுகளில் ஆளுக்கு ஒன்று, அதுவும் உடம்போடு வைத்திருக்க வேண்டும். பெட்டிக்குள் போடக் கூடாது. லண்டன் வழியாகப் போகிறவர்கள் அதைத் திரவங்களுக்குக் கொடுக்கும் ஒட்டுப்பை போன்ற ஒன்றுக்குள் போட்டுத் தங்களோடு வைத்திருக்க வேண்டும். சென்னையில் இறங்கி அங்கிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்துக்குப் பறக்கிறவர்கள் சாதாரண லைற்றரையும் மறந்துவிடுங்கள். இந்திய விமான நிலையங்களில் லைற்றரும் நெருப்புப்பெட்டியும் எந்தப் பைக்குள்ளும் போகாது. லைற்றருக்கு அடைக்கும் காஸ் ரின்னைப் பயணிகளின் எந்தப் பைக்குள்ளும் எந்த விமானமும் ஏற்றாது. ‘புதுசு, இன்னும் காஸ் அடைக்கவில்லை’ என்று வரிசையில் நின்று விளக்கம் சொன்ன ஒருவரை எனக்குத் தெரியும். அவர் விளக்கம் முடிக்க முன்னமே அவருடைய விமானத்துக்குக் கடைசி அழைப்பு வந்துவிட்டது.

ஆகவே முதல் முடிவு சுலபமானது. லைற்றரை ஊரில் வாங்குங்கள். எதை வாங்குவது என்பதில்தான் கொஞ்சம் யோசிக்க இருக்கிறது. கனடாவில் பழகிய பழக்கம் அங்கே அப்படியே செல்லாது.

இரண்டு லைற்றருக்குள்ளும் இருப்பது பியூட்டேன் காஸ்தான். சாதாரண லைற்றரில் காஸ் வெளியே வந்த பிறகுதான் காற்றோடு சேர்ந்து எரிகிறது. முழுதாக எரியாத கரித்துகள்கள் தணலாய் ஒளிர்வதால் சுவாலை மஞ்சள். ரோச் லைற்றரில் காஸ் வெளியே வர முன்பே பக்கத்துத் துளையால் காற்றை இழுத்துக் கலந்துகொள்கிறது. அதனால்தான் அந்த நீலமும் சீறலும், 1,300 பாகை செல்சியஸ் அளவிலான சூடும். மஞ்சள் நெருப்பு மேல்நோக்கித்தான் நிற்கும். நீல நெருப்பை எந்தப் பக்கம் பிடித்தாலும் அந்தப் பக்கம் ஈட்டி போலப் போகும்.

பியூட்டேன் கொதிக்கும் வெப்பநிலை பூச்சியத்துக்குச் சற்றுக் கீழே, -0.5 பாகை. மாசி மாதம் ஸ்காபரோவில் கார்த் தரிப்பிடத்தில் நின்று சிகார் பற்றவைத்தவர்களுக்கு இது பாடப் புத்தகமே தேவையில்லாத செய்தி. காஸ் உள்ளே திரவமாகவே கிடக்கும், தட்டத் தட்டப் பொறி மட்டும் வரும். லைற்றரைக் கக்கத்துக்குள் வைத்துச் சூடாக்கித்தான் நெருப்பு எடுப்போம். ஊரில் இது தலைகீழ். சித்திரை வெயிலில் நிறுத்திய வானின் முன்கண்ணாடிக்குக் கீழே லைற்றரை வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போகாதீர்கள். ‘50 பாகைக்கு மேல் சூடாக்காதே’ என்று லைற்றரின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும். அந்தக் கண்ணாடிக்குக் கீழே அது பகல் பன்னிரண்டுக்கே தாண்டிவிடும்.

அடுத்தது காற்று. நம்மவர்கள் கூடுதலாகப் போவது ஆடி, ஆவணியில், நல்லூர்த் திருவிழாவின் 25 நாளை ஒட்டி. அது சோழகம் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் காலம். கடற்கரையில், வெளிவயலில், மொட்டை மாடியில் மஞ்சள் நெருப்பு ஒரு நிமிடம் நிற்காது. இங்கே ரோச் லைற்றருக்குத்தான் வெற்றி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சுருட்டுப் பிடிக்கிறவர் யாரும் கடற்கரையில் நின்று பற்றவைப்பதில்லை. விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்து, காற்றுக்கு முதுகு காட்டித்தான் பற்றவைப்பார். அதற்கு மஞ்சள் நெருப்பே போதும்.

நுவரெலியா போகத் திட்டம் இருந்தால் இன்னொரு சங்கதி. அந்த ஊர் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ரோச் லைற்றர்கள் பல அந்த உயரத்தில் சண்டித்தனம் செய்யும். காற்று மெலிய மெலிய, சரியான அளவில் கலந்தால்தான் எரிவேன் என்ற அதன் பிடிவாதம் உதவாமல் போகிறது. மஞ்சள் நெருப்புக்கு அப்படிப் பிடிவாதம் இல்லை, கொஞ்சம் சோம்பலாய் என்றாலும் எரியும். குளிருக்கு ஒரு சிகார் பிடிக்கலாம் என்று மலை ஏறுகிறவர்கள் ஒரு நெருப்புப்பெட்டியும் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி மாமாவிடம் வருவோம். கொழும்பில் இறங்கிய அடுத்த நாளே புறக்கோட்டையில் அலைந்து இன்னொரு ரோச் லைற்றர் வாங்கினேன். சூடு கண்ட பூனை என்று என்னைச் சொல்ல முடியாது. ஊரில் ‘ரோச்’ என்றால் பற்றரி போட்ட கைவிளக்கு. ‘மாமா, ரோச் லைற்றர்’ என்று நீட்டியதும் அவர் அதை வாங்கிக் கூரைப் பக்கம் பிடித்துப் பார்த்தார். வெளிச்சம் வரவில்லை. நான் விசையை அமத்திக் காட்டினேன். சீறியது.

“என்ன மருமோன், இது ஒட்டு வேலை செய்யிற சாமானெல்லோ?”

அந்தச் சாமானால் அவருடைய சுருட்டையே நான் பற்றவைத்துக் கொடுத்தேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை. முனை கன்னங்கரேலென்று கருகி, மேல் இலை ஒரு பக்கம் வெடித்து, நடுவில் நெருப்பே பிடிக்காமல் கிடந்தது. ஒரு இழுவை இழுத்துவிட்டு முகத்தைச் சுழித்தார். “உப்பிடிக் கருக்கினா பிறகு என்ன ருசி இருக்கும்? பொறு, அவசரப்படாதை” என்று சொல்லிவிட்டு, கருகிய துண்டைப் பாக்குவெட்டியால் நறுக்கி எறிந்தார்.

யாழ்ப்பாணச் சுருட்டைத் தெரிந்தவர்களுக்கு காரணம் விளங்கும். பொச்சுமட்டைப் புகையில் பதப்படுத்திய புகையிலைக்குக் கோடா என்று ஒரு சாறு போட்டுத்தான் சுருட்டுவார்கள். இலை கறுத்து, சற்று ஈரப்பிடிப்பாய், இனிப்பும் காரமுமாய் இருக்கும். ஈர விறகு போலத்தான் அதுவும். மேலே கொளுத்து கொளுத்து என்று கொளுத்தினால் மேல் மட்டும் கருகும். மெதுவாய்ச் சூடு காட்டி ஈரத்தை வெளியேற்றினால்தான் உள்ளே நெருப்பு ஏறும். நாம் கொண்டுபோகும் கியூபாச் சிகாருக்கும் அங்கே இதே நிலைதான். அதற்கு 65 முதல் 70 சதவீத ஈரப்பதம் உகந்தது. மாரியில் யாழ்ப்பாணக் காற்று அதைவிட ஈரமாய் இருக்கும். இறுக்கிய பையை விட்டு வெளியே வைத்தால் இரண்டு நாளில் சிகார் ஊதிக் கொழுத்துவிடும். பற்றவில்லையே என்று நாம் ரோச்சைத் தேடுவோம். அது இன்னும் கெடுக்கும்.

மாமா பற்றவைத்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன், இதுதான் இந்த வழிகாட்டியில் உள்ள ஒரே உருப்படியான பகுதி. நெருப்புக் குச்சியை உரசினார். தலையில் உள்ள மருந்து எரிந்து அந்தக் கந்தக வாசனை போகும்வரை குச்சியைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தார். பிறகு சுருட்டை வாயில் வைக்கவில்லை. கையில் சாய்வாகப் பிடித்து, முனை நெருப்பில் முட்டாமல், ஒரு விரற்கடை மேலே வைத்து மெல்ல உருட்டினார். விளிம்பு சுற்றிவரச் சாம்பல் நிறம் ஆனது. குச்சி முடிய இரண்டாவது குச்சி. அதற்குப் பிறகுதான் வாயில் வைத்து இரண்டு மெல்லிய இழுவை. கடைசியாகச் சுருட்டைத் திருப்பி முனையில் ஊதிப் பார்த்தார். தணல் நடுவில் இருந்து விளிம்புவரை ஒரே சிவப்பு. பிடிக்காத இடம் இருந்தால் அந்த இருட்டுப் பொட்டு தெரியும். அங்கே மட்டும் திரும்பக் காட்டினால் போதும்.

சிகார்க் கடைகளில் கழுத்துப்பட்டி கட்டிய மனிதர்கள் பெரிய இரகசியம் போலச் சொல்லித் தருவதும் இதைத்தான்.

சாதாரண காஸ் லைற்றரும் இந்த வேலையை அப்படியே செய்யும். சுவாலையைக் குறைத்து வையுங்கள், நுனியின் வெப்பம் மட்டும் படட்டும். பெட்றோல் ஊற்றும் பழைய லைற்றர் வேண்டாம், அந்த வாசம் முதல் பாதிவரை போகாது. மெழுகுதிரியும் வேண்டாம். பெட்டிக்கடையில் தொங்கும் கயிற்று நெருப்பு சிகரெட்டுக்குச் சரி, மொத்தமான சுருட்டுக்கு இழுத்து இழுத்தே கன்னம் ஒட்டிவிடும். அடுப்படியில் சிரட்டைத் தணல் இருந்தால் அதை ஒரு தடவை முயன்று பாருங்கள். மாமாவின் தகப்பன் கடைசிவரை அதில்தான் பற்றவைத்தாராம்.

ரோச்தான் வேண்டும் என்கிறவர்கள் ஒற்றைத் துளை உள்ளதை வாங்குங்கள். மூன்று துளை, நான்கு துளை எல்லாம் காட்சிக்கு. இரண்டு விரற்கடை தள்ளிப் பிடியுங்கள், ஒரே இடத்தில் நிறுத்தாதீர்கள். வெயிலில் நீலச் சுவாலை கண்ணுக்குத் தெரியாது. என் பெருவிரல் மயிர் பொசுங்கியது அப்படித்தான். காஸ் அடைக்க முன்பு சிறிய திருகாணிச் சாவியால் அடி வால்வை அமத்தி உள்ளே இருக்கும் பழைய காற்றை வெளியேற்ற வேண்டும், இல்லாவிட்டால் பாதிதான் நிரம்பும். லைற்றரைத் தலைகீழாகப் பிடித்து அடைத்துவிட்டுச் சில நிமிடம் ஆறவிட்டுத்தான் பற்றவைக்க வேண்டும். மலிவுக் காஸில் வரும் அழுக்கு துளையை அடைக்கும். அடைத்துக்கொண்டால் அந்த லைற்றர் அவ்வளவுதான்.

சட்டம் பற்றி இரண்டு சொல். இலங்கையில் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி மூடிய பொது இடங்களில் புகைக்க முடியாது, 21 வயதுக்குக் குறைந்தவருக்குப் புகையிலை விற்கவும் முடியாது. ஆகவே பெட்டிக்கடைக்குச் சின்னவனை அனுப்பி ‘மாமாவுக்குச் சுருட்டு வாங்கி வா’ என்று சொல்லும் பழைய வழக்கம் இனிச் செல்லாது. கோயில் வீதியில் சட்டம் வரமுன்னமே ஒரு கிழவி வந்து ஏசிவிடுவா. இலங்கைக்குள் கொண்டுபோகும்போது மதுவுக்கு உள்ள வரிச் சலுகை சிகரெட்டுக்கோ சிகாருக்கோ இல்லை என்பதையும் நினைவில் வைத்து, நாலைந்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நான் கொண்டுபோனதைச் சுங்க மேசையில் கேட்டார்கள், காட்டினேன், விட்டார்கள். எல்லா நாளும் அப்படி அமையும் என்று நம்பிப் பெட்டியோடு கொண்டுபோக வேண்டாம்.

திரும்பும்போது சுருட்டு கொண்டுவர விரும்புகிறவர்களுக்கு: கனடாவில் 48 மணித்தியாலத்துக்கு மேல் வெளியே நின்றுவிட்டு வந்தால் 50 சுருட்டு வரியில்லாமல் கொண்டுவரலாம். பிரித்தானியாவிலும் சுருட்டு மட்டும் என்றால் 50. அவுஸ்திரேலியாவில் 25 கிராம், எடை பார்த்தால் நாலு சுருட்டுக்கே முடிந்துவிடும். கோடாச் சுருட்டைப் பிளாஸ்ரிக் பையில் இறுக்கினால் பூஞ்சணம் பிடிக்கும். மாமா செய்ததுபோல வீரகேசரித் தாளில் சுற்றுங்கள். அந்தக் காலச் சுருட்டுக் கொட்டில்களில் ஒருவர் பேப்பரை உரத்து வாசிக்க மற்றவர்கள் கேட்டபடி சுருட்டுவார்களாம். தாளுக்கும் சுருட்டுக்கும் பழைய உறவு.

லைற்றரை மட்டும் திரும்பக் கொண்டுவர முயல வேண்டாம். புறக்கோட்டையில் வாங்கியதை மாமாவிடமே விட்டுவிட்டு வந்தேன். போன கிழமை வீடியோ அழைப்பில் கேட்டேன், பாவிக்கிறீர்களோ என்று. “ஓம், ஓம், நல்ல சாமான்” என்றவர், தொலைபேசியைக் கிணற்றடிக்குக் கொண்டுபோய்க் காட்டினார். துலாவுக்குப் புது நைலோன் கயிறு போட்டிருந்தார். அறுத்த முனை பிரியாமல் உருக்கி ஒட்டியிருந்தது. வாயில் சுருட்டு புகைந்துகொண்டிருந்தது. சாரத்து மடிப்பில் நெருப்புப்பெட்டி துருத்திக்கொண்டு நின்றது.