உள்விவரம் தெரிந்தவரைத் தமிழில் எப்படிச் சொல்வது?

உள்ளே நடப்பதை அறிந்தவரைக் குறிக்கத் தமிழில் சொற்கள் நிறைய உண்டு. அவற்றில் பாதி வசை. அதனால் எழுதுமுன் இரண்டு கேள்விகள்: அவர் உள்ளேயே இருப்பவரா, வெளியிலிருந்து நுழைந்தவரா? தெரிந்ததை வைத்து யாருக்காவது கெடுதல் செய்தாரா?

படி 1: கெடுதல் இல்லையென்றால் ‘உள்விவரம் தெரிந்தவர்’ போதும். இதில் ‘உள்’ முக்கியம். அதை விட்டால் பொருள் நழுவிவிடும். ‘விவரமான ஆள்’ என்றால் சாமர்த்தியக்காரர். ‘விவரம் தெரிந்த நாள் முதல்’ என்றால் வயதைப் பற்றிய பேச்சு.

படி 2: பெயர் சொல்லாமல் செய்தி எழுதும்போது ‘வட்டாரம்’ வரும். பலரும் தவறுவது வினைமுற்றில். ‘கட்சி வட்டாரங்கள் தெரிவித்தனர்’ பிழை. வட்டாரம் அஃறிணை, எனவே ‘தெரிவித்தன’. சொன்னவர் ஒரே ஆள் என்றால் பன்மை போடாதீர்கள், அது வாசகரை ஏமாற்றுவது. ‘பெயர் வெளியிட விரும்பாத அதிகாரி ஒருவர்’ என்பதே நேர்மை.

படி 3: கெடுதல் உண்டென்றால் சொல்லை அளந்து போடுங்கள். திருடனுக்குப் பூட்டு, சாவி விவரம் சொன்ன வேலையாள் ‘உள்ளாள்’. அவரையே ‘திருட்டுக்கு உடந்தை’ என்றும் சொல்லலாம். ஆனால் உடந்தை வெளியாளாகவும் இருக்கலாம். வேலைநிறுத்தத்தில் தோழர்களைக் கைவிட்டு வேலைக்குப் போகிறவர் ‘கருங்காலி’. தேர்தலில் சொந்தக் கட்சி வேட்பாளரையே கவிழ்ப்பது ‘உள்ளடி வேலை’. வெளியிலிருந்து அனுப்பப்பட்டவர் ‘ஒற்றர்’. திருக்குறளின் 59ஆம் அதிகாரம் ‘ஒற்றாடல்’ இவரைப் பற்றியதுதான். குற்றம் உறுதியாகாதவரை இந்தச் சொற்களில் எதையும் ஒருவர் பெயரோடு ஒட்டாதீர்கள்.

படி 4: பங்குச்சந்தைக்குத் தனிக் கணக்கு. பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான ‘செபி’யின் 2015ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, நிறுவனத்தோடு தொடர்புடையவர் மட்டுமல்ல, பங்கு விலையைப் பாதிக்கக்கூடிய, இன்னும் வெளியாகாத தகவலைக் கையில் வைத்திருக்கும் எவரும் உள்விவரம் தெரிந்தவர்தான். ஊழியராக இருக்க வேண்டியதில்லை. அதனால் இங்கே ‘உள்ளாள்’ பொருந்தாது, ‘உள்தகவல் உடையவர்’ என்று எழுதுங்கள்.

எழுத்துக்கூட்டலில் ஒரு கவனம். உயிரெழுத்து வந்தால் ளகரம் இரட்டிக்கும்: உள் + ஆள் = உள்ளாள். க, ச, ப வந்தால் டகரமாகும்: உட்கட்சி, உட்செய்தி, உட்பகை. தகரம் வந்தால் இலக்கணப்படி ‘உட்டகவல்’ என்றாக வேண்டும். படிப்பவர் தடுக்கி நிற்பார் என்பதால் ‘உள்தகவல்’ என்றே பிரித்து எழுதுவது வழக்கம்.