லுவாங் பிரபாங்கில் பிக்குகளுக்கு அன்னமிடுவது எப்படி

லாவோஸின் பழைய அரச நகரமான லுவாங் பிரபாங்கில், விடிந்தும் விடியாத நேரத்தில் காவியுடை பிக்குகள் வெறுங்காலோடு வரிசையாகத் தெருவில் வருவார்கள். வாசலில் பாய் விரித்துக் காத்திருக்கும் ஊர்க்காரர்கள் பிக்குவுக்கு ஒரு சிட்டிகையாகச் சோறு இடுவார்கள். இதற்குத் தாக் பாத் என்று பெயர். வெளியூர்க்காரரும் இடலாம். படம் எடுப்பது மட்டும்தான் நோக்கம் என்றால் எதிர்ச்சாரியில் நின்று பார்ப்பதே மரியாதை.

சோற்றுக்கு முந்தின நாளே சொல்லி வையுங்கள். இடுவது காவ் நியாவ் எனும் பசையரிசிச் சோறு. அரிசியை 6 முதல் 8 மணி நேரம் ஊறவைத்து, மூங்கில் கூடையில் புட்டுப் போல ஆவியில் வேகவைப்பார்கள். அதனால் விடியற்காலையில் கேட்டால் கிடைக்காது. தங்கும் விடுதியில் முதல் நாள் மாலையே கேட்டுவிட வேண்டும். தெருவோரம் பயணிகளின் கையில் திணித்து விற்கும் சோற்றை வாங்காதீர்கள். அது எப்போது வெந்ததோ! பிக்குகளுக்கு அதுதான் அன்றைய சாப்பாடு; நண்பகலுக்குப் பிறகு அவர்கள் உண்பதில்லை.

அளவுதான் பலரும் சறுக்கும் இடம். பெரிய தெருவில் வரும் வரிசை நூறு பேரைத் தாண்டலாம். ஆளுக்கு நெல்லிக்காய் அளவு, அதாவது 10 கிராம் என்று வைத்தாலும் ஒரு கிலோ சோறு வேண்டும். முதல் பத்துப் பேருக்குக் கை நிறைய அள்ளிப் போட்டால் கடைசியில் வரும் சாமணேரர்களுக்கு, அதாவது சின்ன வயது இளந்துறவிகளுக்கு, மிஞ்சாது. வெந்த சோற்றைப் பலகையில் பரப்பி ஆவி போனபின் திப் காவ் எனும் மூங்கில் பெட்டியில் அடையுங்கள். சுடச்சுட அடைத்தால் குழைந்துவிடும், விரலும் சுடும். கையைக் கழுவி நன்றாகத் துடையுங்கள். ஈரக் கையில் சோறு பிசுபிசுக்கும்.

தோளும் முழங்காலும் மறைய உடுத்துங்கள். ஊர்ப் பெண்கள் இடது தோளில் பா பியாங் என்ற மேல்துண்டு போடுவார்கள். டிசம்பர், ஜனவரியில் குளிரும், ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். கோடையில் ஐந்தரை மணிக்கும், குளிர்காலத்தில் ஆறு மணிக்கும் முன்பே இடத்தில் இருக்க வேண்டும். பெரிய தெருவான சக்காலின் தெருவில் கூட்டம் நெரியும். பக்கத்துச் சந்துகளே நல்லது.

செருப்பைக் கழற்றிவிட்டு உட்காருங்கள். பெண்கள் மண்டியிடுவார்கள். பாதம் பிக்குகளை நோக்கி நீளக் கூடாது. வலது கையால் சிட்டிகை எடுத்து, பாத்திரத்தைத் தொடாமல் உள்ளே போடுங்கள். பெண்கள் கை பிக்குவின் மீதோ உடையின் மீதோ படக் கூடாது. அவர்கள் நிற்காமல் வேகமாக நடப்பார்கள். ஒருவரைத் தவறவிட்டால் எட்டிப் பிடிக்க வேண்டாம், அடுத்தவருக்கு இடுங்கள். பேச்சு கிடையாது, நன்றியும் வராது. பணம் தர நினைத்தால் கோயில் உண்டியலில் போடுங்கள்.

படம் எடுப்பவர்கள் ஃபிளாஷை அணைத்துவிட்டு, வரிசையைக் குறுக்கே கடக்காமல் தள்ளி நில்லுங்கள்.

மிஞ்சிய சோற்றைக் காலைச் சந்தைக்குக் கொண்டுபோய் ஜேவ் போங் எனும் மிளகாய்த் துவையலோடு சாப்பிடலாம். அதில் எருமைத் தோல் சேர்ப்பது வழக்கம். சைவக்காரர்கள் கேட்டு வாங்குங்கள்.