ஒருதலைப்பட்சச் செய்தி: குமரி மாவட்டத்தில் எங்கே, எப்படிப் புகார் தருவது

"இந்தப் பேப்பர் ஒரு கட்சிக்கு ஜால்ரா போடுகிறது" என்று மனு எழுதினால் அது ஃபைலோடு தூங்கிவிடும். ஒரு பத்திரிகை ஒரு கட்சியை ஆதரித்து எழுதுவது இங்கே குற்றமல்ல. பிரிட்டனில் டிவி செய்திக்கு நடுநிலை கட்டாயம்; நம் ஊரில் தனியார் சேனல்கள் தங்களுக்குத் தாங்களே வகுத்துக்கொண்ட நெறிகளில்தான் அது இருக்கிறது. ஆகவே பிடிக்க வேண்டியது சாய்வை அல்ல, விதிமீறலை: காசு வாங்கிப் போட்ட செய்தி, முன்சான்று (வெளியிடும் முன் தேர்தல் ஆணையத்தின் குழுவிடம் வாங்கும் அனுமதி) பெறாத விளம்பரம், கடைசி 48 மணி நேரப் பிரசாரம், பொய்த் தகவல்.

தேர்தல் நேரத்தில் அதிகம் கிளம்புவது முதல் வகை. "வழிநெடுக மலர் தூவி, ஆரத்தி எடுத்து உற்சாக வரவேற்பு" என்ற செய்தி இரண்டு பேப்பரில் வரிக்கு வரி ஒன்றாக இருந்தாலே காசு கைமாறியது என்று முடிவு கட்டக் கூடாது. கட்சிக்காரர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய அறிக்கையை நிருபர்கள் அப்படியே போட்டிருக்கலாம். சோம்பேறித்தனம் விதிமீறலில் சேராது. ஒரே படமும் தலைப்பும் வெவ்வேறு நிருபர் பெயரில் வருவது, ஒரே பக்கத்தில் இரு வேட்பாளருக்கும் "வெற்றி உறுதி" என்று வருவது, நிருபர் பெயரே இல்லாமல் "அனைத்துத் தரப்பினரும் ஆதரவு" என்று நாள் தவறாமல் அதே அளவில் வருவது ஆகியவைதான் வலுவான அடையாளங்கள். பணம் கைமாறிய ரசீது உங்களிடம் இருக்க வேண்டியதில்லை. சூழ்நிலை ஆதாரம் போதும்.

செய்தியை மட்டும் கத்தரித்து ஒட்டாதீர்கள். பேப்பர் பெயர், தேதி, பக்க எண் தெரியும்படி முழுத் தாளையும் வையுங்கள். நாகர்கோவில் பதிப்பின் உள்ளூர்ப் பக்கத்தில் வந்தது திருநெல்வேலிப் பதிப்பில் இருக்காது. இ-பேப்பரில் பதிப்பை மாற்றிப் பார்த்துவிட்டு "அப்படி ஒரு செய்தியே இல்லையே" என்று மனுவைத் தள்ளிவிட இது ஒன்றே போதும். டிவி என்றால் சேனல் லோகோ தெரிகிற வீடியோ, தேதி, ஒளிபரப்பான நேரம் வேண்டும்.

மனுவை நாகர்கோவில் கலெக்டர் ஆபீஸில், மாவட்ட ஊடகச் சான்றளிப்பு மற்றும் கண்காணிப்புக் குழுவுக்குக் கொடுங்கள். ஒப்புகை வாங்காமல் திரும்பாதீர்கள். வாசகம் இவ்வளவு போதும்: "… தேதியிட்ட … நாளிதழ், நாகர்கோவில் பதிப்பு, பக்கம் … இல் வந்த செய்தி பணம் பெற்று வெளியிட்ட செய்தி எனக் கருதுகிறேன். காரணங்கள்: … இதன் செலவை வேட்பாளர் கணக்கில் சேர்க்கக் கோருகிறேன்." குழு ஏற்றால் தேர்தல் நடத்தும் அலுவலர், புகார் வந்த 96 மணி நேரத்துக்குள் வேட்பாளருக்கு நோட்டீஸ் அனுப்புவார், பதில் தர அவருக்கு 48 மணி நேரம். பதில் வராவிட்டால் குழு முடிவே இறுதி. அரசு விளம்பரக் கட்டண விகிதப்படி கணக்கிட்ட தொகை அவர் செலவில் ஏறும். இங்கே சட்டமன்றத் தொகுதிக்குச் செலவு உச்சவரம்பு 40 லட்சம், மக்களவைக்கு 95 லட்சம் என்பதால் வேட்பாளருக்கு உறைப்பது இந்த இடம்தான். செலவுக் கணக்கு வேட்புமனு நாளில்தான் தொடங்குகிறது. அதற்கு முந்தைய செய்திக்கு இந்த வழி உதவாது.

நோட்டீஸ், போஸ்டரில் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இல்லையா? மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 127ஏ பிரிவைக் குறிப்பிட்டு அதே இடத்தில் கொடுங்கள்.

வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரம் டிவியில் தேர்தல் பிரசாரம் கூடாது என்பது 126ஆம் பிரிவு. பேப்பர் அதில் அடங்காது. ஆனால் வாக்குப்பதிவு நாளிலும் முந்தைய நாளிலும் வரும் அச்சு விளம்பரத்துக்கும் தேர்தல் ஆணையம் முன்சான்று கேட்கிறது. களியக்காவிளை, விளவங்கோடு பக்கம் மலையாளச் சேனலும் வீட்டுக்குள் வருவதால் ஒரு குழப்பம் உண்டு. 2021இல் இரு மாநிலத்துக்கும் ஒரே நாள், ஏப்ரல் 6. 2024இல் நமக்கு ஏப்ரல் 19, கேரளாவுக்கு 26. நம் மௌன காலத்தில், அதாவது அந்த 48 மணி நேரத்தில், திருவனந்தபுரம் பிரசாரத்தை அந்தச் சேனல் காட்டியது என்பதற்காக மட்டும் புகார் எழுதிப் பயனில்லை. கன்னியாகுமரித் தொகுதிக்கு நேராகவோ சுற்றிவளைத்தோ ஓட்டுக் கேட்டிருந்தால், அந்த வாக்கியத்தையும் நேரத்தையும் குறித்து எழுதுங்கள்.

தேர்தல் இல்லாத காலத்தில் பேப்பர் மீது புகார் என்றால் முதலில் ஆசிரியருக்குப் பதிவுத் தபால், பிறகு பத்திரிகைகள் மீதான புகாரை விசாரிக்கும் இந்தியப் பிரஸ் கவுன்சில். நாளிதழ், வார இதழுக்கு வெளியான நாளிலிருந்து 2 மாதம், மற்ற இதழ்களுக்கு 4 மாதம் கெடு. கவுன்சில் கண்டிக்கும், எச்சரிக்கும், அபராதம் போடாது. சேட்டிலைட் சேனல் என்றால் முதலில் அந்தச் சேனலுக்கே எழுத வேண்டும். பதில் தரச் சேனலுக்கு 15 நாள் அவகாசம். அதிலும் திருப்தி இல்லையென்றால் அடுத்த 15 நாளுக்குள் அந்தச் சேனல் சேர்ந்திருக்கும் சுயகட்டுப்பாட்டு அமைப்புக்குப் போகலாம். லோக்கல் கேபிள் சேனலுக்கு இவ்வளவு சுற்று வேண்டாம்: கேபிள் சட்டப்படி கலெக்டரும் கோட்ட அளவிலான அதிகாரியும் நடவடிக்கை எடுக்கலாம். தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்துக்காரர்கள் பத்மநாபபுரம் சப்-கலெக்டர் ஆபீஸிலேயே கொடுத்துவிடலாம்.