கல்வியியல் படிப்பவர்களே, வகுப்பில் நொடிகளை எண்ணுங்கள்

இளநிலைப் பட்டப்படிப்பில் கல்வியியலையும் ஒரு பாடமாக எடுத்திருக்கிறீர்களா? பியாஜே, வைகாட்ஸ்கி என்று உளவியலாளர்களின் பெயர்களை மனப்பாடம் செய்வதோடு நின்றுவிடாதீர்கள்.

வகுப்பறையைக் கவனிக்கப் போகும்போது நோட்டின் பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். இடப்பக்கம் பார்த்ததும் கேட்டதும் மட்டும். வலப்பக்கம் உங்கள் கருத்து. "அவனுக்கு ஆர்வமில்லை" என்பது கருத்து. "மூன்று முறை ஜன்னல் பக்கம் திரும்பினான்" என்பதுதான் பார்த்தது. இந்த வேறுபாடு பிடிபட்டால் அசைன்மென்ட் பாதி முடிந்த மாதிரி.

அப்புறம், ஆசிரியர் கேள்வி கேட்டதும் மனசுக்குள் நொடிகளை எண்ணுங்கள். பெரும்பாலும் ஒரு நொடிக்குள்ளேயே அடுத்த பிள்ளையிடமோ அடுத்த கேள்விக்கோ தாவிவிடுகிறார்கள் என்று 1970-களில் அமெரிக்கக் கல்வியியலாளர் மேரி பட் ரோ ஆய்வு செய்து காட்டினார். 3 நொடி பொறுத்தால் பதில்கள் நீளும், வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் வாய் திறப்பார்கள். நீங்களே எண்ணிப் பார்த்தால் அந்த 3 நொடி எவ்வளவு நீளம் என்று புரியும். எனக்குத் தெரிந்து பாடப்புத்தகத்தின் பத்துப் பக்கம் இதைக் கற்றுத்தராது.

குறிப்பை அன்று மாலையே விரித்து எழுதிவிடுங்கள். பிள்ளைகளின் உண்மைப் பெயர் மட்டும் வேண்டாம்.